வடிவமைத்தவர் பெயர்

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க மகன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"கம்பெனிச் சங்கு ஊதினா தானா மாட்டிப்பான் உங்கப்பன்" என்றார் சித்தப்பா. யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கம்பெனி இன்ஜினியர் உள்ளே வந்து, மகனைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

காற்றையும் நீராவியையும் அடைத்து வைக்கும் தொட்டிகள் செய்யும் கம்பெனி. எந்தத் தொட்டிக்கு எத்தனை கனத்தில் தகடு என்று முப்பது வருடம் கணக்குப் போட்டவர் அப்பா. படிப்பு ஒரு டிராயிங் சர்டிபிகேட்டோடு சரி. அதனால் எந்த வரைபடத்திலும் அவர் பெயர் ஏறியதில்லை; கையெழுத்து இன்ஜினியருடையது. போன வாரம் ஒரு தொட்டி வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். நாலாம் நாள் அப்பா சோற்றுத் தட்டின் முன்னாலேயே சாய்ந்துவிட்டார்.

"விசாரணைக்கு வர்றாங்க தம்பி. டிசைன் பண்ணது யாரு, என்ன தகுதின்னு ஃபாரம் கேப்பாங்க. அப்பா பேரப் போட்டிருக்கோம். சர்டிபிகேட் ஒரிஜினல் மட்டும் குடு."

"முப்பது வருஷமா தகுதி இல்லன்னீங்களே சார்?"

"அனுபவமும் தகுதிதான்பா."

"செத்தப்புறமா?"

இன்ஜினியர் சமையலறைக் கதவைச் சாத்தினார்.

"அந்தத் தொட்டிக்கு அவரு பன்னெண்டு மில்லி தகடுன்னுதான் எழுதினாரு. பத்து போதும்னு அடிச்சுத் திருத்தினது நீங்க. அன்னைக்கு ராத்திரி பூரா புலம்பினாரு."

"அந்தத் தாள் உங்கிட்ட இருக்கா?"

இல்லை. அது ஆபீஸ் அலமாரியில் இருந்தது. சாவி இன்ஜினியரிடம்.

"செத்தவர யாரும் ஜெயில்ல போட முடியாது. நீ நாளைக்கும் அங்க வெல்டிங் பிடிக்கணும். உன்னை நிரந்தரமாக்குற ஃபைலு என் மேசை மேலதான் கிடக்கு."

மகன் டிரங்குப் பெட்டியைத் திறந்தான். சர்டிபிகேட் இன்ஜினியரின் தோல்பைக்குள் போனது.

"என்னடா வாங்கிட்டுப் போறாரு?" என்றாள் அம்மா.

"அப்பா பேர... வரைபடத்துல போடப்போறாங்களாம்."

காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவள் குனிந்து அப்பாவின் கன்னத்தைப் பிடித்தாள். "கேட்டீங்களா? உங்க பேரப் போடுறாங்களாம்!" அப்போதுதான் அழுகை வந்தது. சவப்பெட்டி வாசலைத் தாண்டுமுன் சேதி தெருக்கோடி வரை போய்விட்டது.

முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியவர் இன்ஜினியர்.

"பெரிய மனுஷன்யா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மகன் இன்ஜினியருக்குப் பின்னால் நடந்தான். அவர் எட்டு வைக்கும்போதெல்லாம் தோளில் தொங்கிய அந்தத் தோல்பை சவப்பெட்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டிப் போனது.