பிஸ்கட் தட்டில் ஒரு விமானி

1
இந்தக் கதை ஒரு பிஸ்கட் தட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் எங்கள் ஊர் தேவாலயக் கூடத்தில் மாதிரி விமானச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. தேநீர் என் பொறுப்பு. தட்டோரம் கிடந்த துகளை ஒதுக்கப் போனேன். துகள் தோல்தொப்பி அணிந்திருந்தது.

விமானி. சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் ஆள்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘டெஸ்மண்ட் பார்ஜெட்டர் ஒரு மாபெரும்—’

(அடித்துவிட்டேன். அவரே அப்படித்தான் தொடங்குவார்.)

டெஸ்மண்ட் எங்கள் தலைவர். பெட்டியில் வரும் துண்டுகளை வெட்டி, ராவி, ஒட்டி, வண்ணம் பூசினால்தான் விமானம். கடையில் முழுசாக வாங்கினால் பொம்மை. இது அவருடைய மதம். கையால் ஒட்டியதை ஆண்டுதோறும் மேசையில் வைக்காதவருக்குப் பதவி இல்லை என்று விதியும் எழுதிவைத்தார். தம் விமானங்களில் விமானியை மட்டும் உட்காரவைக்கவே மாட்டார். “ஆள் வைக்கிறதெல்லாம் குழந்தைங்களுக்கு.” அவை கூடத்தின் கூரையிலிருந்து நூலில் தொங்குகின்றன. கதவு திறந்தால் எல்லாம் ஒருசேர மெல்லத் திரும்பும், யாருமில்லாமலே எங்கோ கிளம்பிவிட்டதுபோல.

போன வருடப் போட்டிக்கு எங்கள் உறுப்பினர் வினிஃபிரட் டூக் ஒரு விமானத்தோடு வந்தாள்.

“யாரு ஒட்டினது?”

“கடைக்காரன்தான். எனக்கு ஏது பொறுமை, டெஸ்மண்ட்? பார்க்க அழகா இருக்கில்ல?”

“அழகு வேணும்னா பூந்தொட்டி வாங்கும்மா.”

விமானத்தை வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

நடுவரைக் குலுக்கிப் போட்டுத் தேர்வது எங்கள் வழக்கம். இந்த வருடம் வந்தது அவள் பெயர்.

3
இங்கே டெஸ்மண்டின் கைகளைப் பற்றி உருக்கமாக… (வேண்டாம். கோப்பையை ஏந்தினால் கரண்டி தானாகத் தாளம் போடுகிறது. அது போதும்.)

இந்த வருடம் ஒட்ட முடியவில்லை, கடையில் முழுசாக வாங்கினார். வந்த விமானத்தில் விமானி ஏற்கெனவே அமர்ந்திருந்தான். டெஸ்மண்டின் விமானத்தில் ஆளா? பார்த்ததுமே குட்டு உடைந்துவிடுமே! கண்ணாடி மூடியைப் பெயர்த்தார், ஆளைப் பிடுங்கினார், மூடியைத் திரும்ப ஒட்டினார். கை நடுங்க, பசை வழிய, கட்டைவிரல் ரேகை பதிய.

(இதை நான் பார்க்கவில்லை. விமானியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கி ஒட்டிப்பார்த்தேன். துண்டுகள் பொருந்துகின்றன.)

4
வினிஃபிரட் உருப்பெருக்கியோடு குனிந்தாள்.

“மூடி கோணல். பசை வேற அப்பிக் கிடக்கு. டெஸ்மண்ட், நீங்க செஞ்சதிலயே இதுதான் படுமோசம்.”

திட்டு வாங்கி இவ்வளவு மலர்ந்த முகத்தை நான் கண்டதில்லை.

“ஆனா சத்தியமா கையால ஒட்டினதுதான்,” என்றாள்.

அவர் கண் கலங்கியது. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே ஏதோ என் தட்டில் விழுந்தது.

5
முடிவு ஒன்று: விமானியை வினிஃபிரடிடம் கொடுக்கிறேன். அவருடைய பதவி போகிறது. சங்கம் கூடும் செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

இன்னொன்று: பிஸ்கட்டோடு விழுங்கிவிடுகிறேன். (எழுதிப் பார்த்தேன். தொண்டையில் சிக்குகிறது.)

கடையில் ஒட்டித் தயாராகவே கிடைக்கும் முடிவு: எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு—

“அது என்ன உங்க கையில?” வினிஃபிரட்தான் கேட்கிறாள்.

டெஸ்மண்ட் என்னைப் பார்க்கிறார். அவர் கோப்பையில் கரண்டி தாளம் போடுகிறது. யாரோ கதவைத் திறக்கிறார்கள். மேலே ஆளில்லாத விமானங்கள் எல்லாம் மெல்லத் திரும்பி என் பக்கம் மூக்கை நீட்டுகின்றன.

நீங்கள்தான் எனக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். உள்ளங்கையை நீட்டுங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், லேசாக ஊதினாலும் பறந்துவிடுவான்.