பாய் போட்ட பெட்ரோல்

அன்று மாலை மனைவி முனவர் பேகத்தைப் பெட்ரோல் பங்க்கில் இறக்கிவிட்ட நஸ்ருதீன், "நீ பஸ்ல வந்துரு" என்றார்.

"பங்க் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு பஸ்ல போகச் சொன்னா என்ன அர்த்தமுங்க?"

"பழைய டேங்கு முடிஞ்சுது. இது புது டேங்கு. முடியற வரைக்கும் பின்னாடி சீட்ல ஒருத்தரும் உக்காரக்கூடாது. நீ ஏறுனா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கொறையுது."

"நா என்ன பனியன் மூட்டைங்களா?"

"மூட்டைக்கு வாடகை கெடைக்கும்" என்றார் அவர். "பஸ்ஸு பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. ஸ்கூட்டரு எனக்கு ஃப்ரீயா?"

ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் ஏற்றி மூடியைத் திறந்தார். பெட்ரோல் போடும் ரோஸ்மேரி குழாயை நிறுத்தியதும் வழக்கம்போல வண்டியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். குளிக்க மறுக்கும் ஆட்டோடு மல்லுக்கட்டுவது போலிருக்கும் அது.

"போதும் பாய். இனி ஒரு சொட்டு ஏறாது" என்றாள் ரோஸ்மேரி.

"ஏறுமம்மா. உள்ள காத்து நிக்குது. வாய் வரைக்கும் போடு."

பின்னால் நின்ற கம்பெனி வேன்காரர் ஹாரனை அழுத்தினார். நஸ்ருதீன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் மூடி விளிம்பில் எட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியை விட்டார். எத்தனை லிட்டர், எத்தனையாவது கிலோமீட்டர் என்று செல்போனில் தட்டி ஏற்றினார். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது முனவர் ரோட்டைக் கடந்து போயிருந்தாள்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பார்த்தால், பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவர் வருகிறார். நாற்பதுக்கு மேல் போனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பது அவருடைய சட்டம். முந்தவும் மாட்டார், பின்தங்கவும் மாட்டார். சிக்னலில் பஸ் நின்றபோது இவரும் பக்கத்தில் வந்து நின்று எஞ்சினை அணைத்தார். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, பிறகு கையை மூடி முட்டியைக் காட்டினார். ஐம்பது. இந்த டேங்க் லிட்டருக்கு ஐம்பது கொடுக்கும் என்று அர்த்தம்.

முனவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அடுத்த சீட்டில் இருந்த பெண், "தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்றாள் முனவர்.

மறுநாள் காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து படுத்த நஸ்ருதீன் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

அவருடைய தொழிலே அந்த ஸ்கூட்டர்தான். கம்பெனிகளில் தைத்து முடித்த பனியன் கட்டுகளை வாங்கிவந்து, பிசிறு வெட்ட வீடு வீடாகக் கொடுத்து, மறுபடி வாங்கிக் கம்பெனியில் சேர்ப்பார். பல்லடம், பொங்கலூர் என்று நாளெல்லாம் ஓட்டம். ஒரு முறை சாமளாபுரம் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டி துள்ளி விழுந்ததில், பெட்ரோல் அளவு காட்டும் முள் பாதியில் மாட்டிக்கொண்டது. டேங்க் நிறைந்தாலும் பாதி, வறண்டாலும் பாதி. மெக்கானிக் உள்ளே ஒரு சாமானை மாற்றினால் சரியாகிவிடும் என்றான். "முள்ள நம்பியா நான் பொறந்தேன்?" என்று கேட்டுவிட்டு வந்தார் நஸ்ருதீன்.

அந்த வாரமே நடு ரோட்டில் இரண்டு தடவை நின்றுபோனார். அப்போதுதான் மகள் இக்ரா, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவள், அவருடைய செல்போனில் ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்தாள். "அத்தா, ஒவ்வொரு தடவையும் ஃபுல் டேங்க் போட்டு கிலோமீட்டரை இதுல என்ட்ரி பண்ணுங்க. அடுத்த தடவ ஃபுல் பண்றப்ப மைலேஜ் தானா வரும். எப்ப பெட்ரோல் தீரும்னும் சொல்லிரும்."

பெட்ரோல் தீராமல் இருக்கத்தான் ஆப் வந்தது. வந்தபிறகு பெட்ரோல் தீருவது சின்ன விஷயமாகிவிட்டது. மைலேஜ்தான் பெரிய விஷயம். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கதிர்வேல்.

கதிர்வேல் வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர். நஸ்ருதீன் வாங்கிய அதே நாள், அதே கடையில், அதே ஸ்கூட்டரை வாங்கியவர். நிறம் மட்டும் வேறு. "எனக்கு அம்பத்திரண்டு குடுக்குதுங்க பாய்" என்பார் சாவகாசமாக. நஸ்ருதீனின் ஆப் ஒரு நாளும் நாற்பத்தேழைத் தாண்டியதில்லை.

"எப்புடிங்க அளந்தீங்க?"

"நூறு ரூவாய்க்குப் போடுவனுங்க. அது பாட்டுக்கு ஓடும்."

"அது கணக்கில்லீங்க. வாய்க்கு வந்தது."

"வண்டிக்குத் தெரியுமுங்க பாய், யாரு ஓட்டறாங்கன்னு."

இந்தக் கடைசி வரிதான் நஸ்ருதீனைத் தூங்கவிடவில்லை. கடைசியில் பந்தயம் ஆனது. நஸ்ருதீனின் ஆப் ஐம்பதைக் காட்டினால் கதிர்வேலும் அதே ஆப்பைப் போட்டு, பங்க்கில் நாலு பேர் முன்னால் வண்டியைக் குலுக்கி ஃபுல் டேங்க் போட வேண்டும். அந்த ஐம்பதுக்காகத்தான் முனவர் பஸ்ஸில் போனாள்.

நாற்பதாம் நாள் ஓதுவதற்குச் சொந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், அலமாரியில் இருந்த நஸ்ருதீனின் செல்போன் மணியடித்தது. யாராவது தெரியாமல் கூப்பிடுகிறார்களோ என்று இக்ரா எடுத்துப் பார்த்தாள். பெட்ரோல் ஆப் அனுப்பிய செய்தி. பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள்.

"அன்புள்ள நஸ்ருதீன், நீங்கள் எரிபொருள் நிரப்பி வெகு நாட்களாகிவிட்டன. நீங்கள் நலமா?"

முனவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நாத்தனார் மெஹ்ஜபின் தோளைப் பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழவும் செய்தாள். எது முதலில், எது பின்னால் என்று அருகில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

கணவர் போனபின் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தா மாதங்கள் முழுவதும் ஸ்கூட்டர் சாக்கு மூடி நின்றது. இக்ரா கேட்டும் முனவர் சாவியைக் கொடுக்கவில்லை. "ஸ்டார்ட்டாவது பண்ணி வெக்கோணுமுங்க அக்கா, இல்லாட்டி பாழாப்போயிரும்" என்று வாசலில் நின்று சொன்னார் கதிர்வேல்.

"நிக்கற வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா பெட்ரோல் எரியும், கிலோமீட்டர் ஏறாது" என்று கதவுக்கு உள்ளிருந்து பதில் வந்தது. "மைலேஜ் என்னங்க ஆகும்?"

குரல் முனவருடையது, பேச்சு பாயுடையது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் வாய் வரைக்கும் போட்டுவிட்டுப் போன அந்த டேங்க் எவ்வளவு கொடுக்கும் என்று தெரிய வேண்டும். ஆப்பில் அந்த இடம் காலியாக இருந்தது. மறுபடி நிரப்பினால்தான் கணக்கு வரும். டேங்க் வறண்டபின் நிரப்பினால்தான் கணக்கு சுத்தம் என்பது நஸ்ருதீன் வழக்கம்.

இத்தா முடிந்ததும் அவளே தொழிலை எடுத்தாள். ஸ்கூட்டர் ஓட்ட முன்பே தெரியும், சந்துக்குள் மட்டும். கிளம்பும் முன் கதிர்வேல் வீட்டில் துணி எடைபோடும் மெஷினில் ஏறி நின்றாள். கதிர்வேலின் மனைவி சித்ரகலா எண்ணைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தாள். நஸ்ருதீனின் எடை ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் முனவர் ஒரு பனியன் கட்டு அளவுக்குக் கூடுதல். அன்றிலிருந்து அவர் வழக்கமாக ஏற்றிவந்த கட்டுகளில் ஒன்றைக் குறைத்து ஏற்றினாள். அந்த ஒரு கட்டை இக்ரா பஸ்ஸில் கொண்டுபோனாள்.

"அம்மா, ஆபீஸ்ல என்ன நெனப்பாங்க? ஷிப்மென்ட் அனுப்பறவ கையில மூட்டையோட வந்தா?"

"பஸ்ஸு ஃப்ரீதான?"

நாற்பதுக்கு மேல் போகமாட்டாள். சிக்னலில் எஞ்சினை அணைப்பாள். இறக்கத்தில் கைப்பிடியைத் திருகாமல் உருட்டுவாள். பின்னால் வரும் வேன்காரர்கள் பாட்டியின் பல்லக்கு போகிறது என்று ஏசினார்கள். மூட்டுவலியோடு வந்த மெஹ்ஜபினைக்கூடப் பின் சீட்டில் ஏற்றவில்லை. "ஒரு தெருதான முனவரு" என்றார் அவர். "இந்த டேங்கு முடியட்டுமுங்க அக்கா" என்றாள் முனவர். தினமும் காலையில் வண்டியை லேசாக ஆட்டி, காதை வைத்துக் கேட்பாள். சலசலவென்று சத்தம் வந்தால் இன்னும் இருக்கிறது என்று கணக்கு.

சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஓடிய தூரத்தை டேங்க் கொள்ளும் லிட்டரால் வகுத்து இக்ரா போட்ட கணக்கில் ஒரு வியாழக்கிழமை ஐம்பது தாண்டியது. அன்று சேமியா பாயசம் வைத்துக் கதிர்வேல் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள் முனவர். கதிர்வேல் தலையைக் குனிந்தபடி குடித்தார். சனிக்கிழமை ஐம்பத்தைந்து தாண்டியது. பிறகு அறுபது. டேங்க் தீருவதாகக் காணோம்.

"என் தம்பி ஈமானோட போனவன். பரக்கத்து. அல்லா அந்தப் பெட்ரோல்ல பரக்கத்து செஞ்சு பெருக வெச்சுட்டான்" என்று மெஹ்ஜபின் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு அம்மாள் தன் மகனின் புது பைக்கைக் கொண்டுவந்து அந்த ஸ்கூட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுப் போனாள்.

முனவருக்கும் நம்ப ஆசைதான். ஆனால் அந்த ஸ்கூட்டரை அவளுக்குப் பல வருடமாகத் தெரியும். மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாது, அவசரம் என்றால் பஞ்சர் ஆகும். பரக்கத் வந்து இறங்கும் வண்டியாக அது ஒருநாளும் நடந்துகொண்டதில்லை.

மறுநாள் டீ நேரத்தில், பிசிறு வெட்டும் பெண்களோடு உள்ளே பேசிக்கொண்டிருப்பது போலச் சத்தமாகப் பேசியபடி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். கதிர்வேல் தன் ஸ்கூட்டரின் டேங்கில் ஒரு டியூபை விட்டு உறிஞ்சி, துப்பி, தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். இந்தப் பக்கம் வந்து முனவர் வண்டியின் சீட்டைத் தூக்கினார். டேங்க் மூடி அதற்கு அடியில்தான். பழைய சீட், பூட்டு வேலை செய்யாது.

"கதிர்வேலு" என்றாள் முனவர் ஜன்னலிலிருந்து.

பாட்டில் பாதி உள்ளேயும் பாதி அவர் வேட்டியிலும் கொட்டியது.

"இல்லீங்க அக்கா" என்று ஆரம்பித்தார். வாயில் இருந்த பெட்ரோல் காரத்தில் இருமினார். "முள்ளு பாதிலயே நிக்குது. உங்களுக்கு எப்பத் தீரும்னு எப்புடித் தெரியும்? பொங்கலூரு ரோட்ல வெயில்ல ஒத்தைல நின்னீங்கன்னா? போட்டுக்குங்கன்னு சொன்னா நீங்க கேக்கறவங்களா? பாயே கேட்டதில்ல."

"எத்தனை தடவ ஊத்துனீங்க?"

"ஊத்துனனுங்க."

"அதான் எத்தனை?"

"ஒரு பாட்டலு. அப்பறம் முக்காப் பாட்டலு. ஒருக்கா சித்ரகலா வந்துட்டா, கொஞ்சம் கீழ போயிருச்சுங்க. எல்லாம் நெனப்பில்லீங்க."

சாயங்காலம் வந்த இக்ரா விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "சரிம்மா, அப்ராக்ஸிமேட்டா ஒரு லிட்டர் கழிச்சுக்கலாம்" என்றாள்.

"உங்கத்தாகிட்ட அப்ராக்ஸிமேட்டுன்னு ஒருக்கா சொல்லிப் பாத்திருக்கியா?" என்றாள் முனவர்.

வேறு பெட்ரோல் கலந்தபின் அந்த டேங்க் வறளக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஸ்கூட்டரும் பங்க்குக்குப் போயின. முனவர் ஒன்றில், கதிர்வேல் ஒன்றில். இக்ரா பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே ரோஸ்மேரிதான் நின்றாள். முனவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் மூடியைத் திறந்தாள்.

"வாய் வரைக்கும்" என்றாள் முனவர். "கதிர்வேலு, குலுக்குங்க."

"பந்தயத்துல நான் இன்னும் தோக்கலைங்களே அக்கா."

"குலுக்குங்க."

கதிர்வேல் குலுக்கினார். பழக்கமில்லாததால் வண்டியைவிட அவர்தான் அதிகம் ஆடினார். பின்னால் ஹாரன் அடித்தது. "அந்தப் பக்கம் சாய்ங்கண்ணே, பாயி அப்படித்தான் சாய்ப்பாரு" என்று சொல்லிக்கொடுத்தாள் ரோஸ்மேரி. பெட்ரோல் விளிம்பில் எட்டிப் பார்த்தது.

முனவர் நஸ்ருதீனின் செல்போனை எடுத்து லிட்டரையும் கிலோமீட்டரையும் தட்டினாள். திரையில் பூ பூவாகக் கொட்டியது. "வாழ்த்துகள் நஸ்ருதீன்! இதுவே உங்கள் மிகச் சிறந்த மைலேஜ்." கீழே எழுபத்து மூன்று என்று இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார் கதிர்வேல் தாழ்ந்த குரலில். "பாய் ஜெயிச்சதாவே வெச்சுக்குவோம். நான் தோத்துக்கறனுங்க."

முனவர் அந்த எண்ணைப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டு. இடையில் பெட்ரோல் போட்டதைப் பதிய விட்டுப்போனவர்கள் தொட வேண்டிய கட்டம். நஸ்ருதீன் ஒருநாளும் தொடாதது. அவள் தொட்டாள். பூக்கள் நின்றன. எழுபத்து மூன்று போய் அந்த இடத்தில் ஒரு கோடு வந்தது. அவருடைய கடைசி டேங்க் எவ்வளவு கொடுத்தது என்பது இனி யாருக்கும் தெரியாது.

"அப்ப பாய் தோக்கலைங்க" என்றார் கதிர்வேல்.

"நீங்களும் ஜெயிக்கலைங்க" என்றாள் முனவர். "இக்ரா, அங்கிள் போன்ல அந்த ஆப்ப எறக்கிக் குடு. ரோஸ்மேரி, அந்த வண்டிக்கும் போடம்மா. வாய் வரைக்கும்."

கதிர்வேல் தன் டேங்க் மூடியைத் திறக்கப் போனார். திறக்கும் முன்பே, "அம்பத்திரண்டுங்கறது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க" என்றார்.

"தெரியுமுங்க. அவருக்கும் தெரியும்."

இக்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்தாள். "நான் பஸ்லயே வரட்டாம்மா?"

"எதுக்கு? அந்த டேங்குதான் முடிஞ்சுதே. ஏறு."

இக்ரா பின்னால் உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. முனவர் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது. பெட்ரோல் முள் பாதியில் நின்றது.