ஆறாங்கிணற்று அர்த்தநாரி

ஆறாங்கிணறு என்று ஒரு ஊர். நாமக்கல்லுக்குக் கிழக்கே போய்த் தேடினாலும் கிடைக்காது, சேலத்துக்கு மேற்கே போய்த் தேடினாலும் கிடைக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இணையத்தில் எல்லாரும் சேர்ந்து எழுதக்கூடிய ஒரு விக்கியைத் திறந்து, எழுதி எழுதியே உண்டாக்கிக்கொண்டிருக்கிற ஊர் அது. அந்த ஊருக்குள் வசந்தாமணி நுழைந்தது ஒரு கிழிந்த தார்பாய் வழியாகத்தான்.

வசந்தாமணிக்கு நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் கடை. லாரிக்குப் போர்த்துகிற தார்பாயில் ஒட்டுப் போடுவது, ஓரம் மடித்துத் தைப்பது, கயிறு கோக்க வளையம் அடிப்பது, எல்லாம் அவள் கைவேலை. லாரி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பகல் முழுக்க மிஷின் சத்தத்தில் ஓடிவிடும். மிஷினை நிறுத்தினால்தான் பொழுது நகராது.

வீட்டுக்காரரின் தங்கை அறிவுச்செல்வி சேலம் அம்மாபேட்டையில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தவள், வந்ததும் வராததுமாக வசந்தாமணியின் போனைப் பிடுங்கினாள். அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கை, இப்பிடி சும்மா உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கு எங்கூருக்கு வாங்க."

"அம்மாபேட்டைக்கா? அந்தத் தறிச் சத்தத்துல எவ தூங்குவா?"

"அம்மாபேட்டை இல்லீங். ஆறாங்கிணறு." போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். "இது வெளையாட்டுங்க. எல்லாருஞ் சேந்து கதை எழுதறது. நீல எழுத்துல இருக்கற பேரெல்லாம் எழுதி முடிச்சது. தொட்டா அவங்க கதை தொறக்கும். செவப்பு எழுத்துல இருக்கறதுக்கு பேரு மட்டுந்தான். கதைய இனிமேல்தான் யாராச்சும் எழுதோணும்."

"பொறக்காத கொழந்தைக்குத் தொட்டில் கட்டுன மாதிரி."

"அதேதான். சட்டம் ரொம்ப இல்ல. ஒருத்தர் எழுதிட்டா அது நெசம், அத மறுத்து எழுதக் கூடாது. உங்க பக்கத்துல நீலப் பேரு ஒண்ணாச்சும் வரோணும். புதுசா ஒரு செவப்புப் பேர உட்டுட்டுப் போவோணும். நீங்க உட்ட செவப்ப நீங்களே எழுதக் கூடாது."

"நான் போட்ட முட்டைய நானே அடைகாக்கக் கூடாதாக்கும்."

"நாமக்கல்காரின்னா முட்டையில வந்துதான் நிப்பீங்க" என்று சிரித்தாள் அறிவுச்செல்வி. "விளையாடறதுக்கு ஒரு பேரு வெச்சுக்கங்க."

வசந்தாமணி கடையைச் சுற்றிப் பார்த்தாள். "தார்பாய்க்காரின்னு போடு."

எழுதப்படாத பெயர்களின் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். மேல்நிலைத் தொட்டி, பூசாரி மகன், வெள்ளைச் சேவல் என்று சிவப்புச் சிவப்பாக நின்றன. அப்புறம் 'தார்பாய்' என்று ஒன்று. அவள் கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சொல்லை விட்டுப் போனது எந்தப் பக்கம் என்று அறிவுச்செல்வி தொட்டுக் காட்டினாள். பக்கம் திறந்தது.

*அர்த்தநாரி: ஆறாவது கிணற்றின் ஓரம் நின்றுபோன லாரியில் குடியிருப்பவர். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. கிழிந்த தார்பாயின் கீழே படுத்திருப்பார். அவருக்கென்று யாரும் இல்லை.*

வசந்தாமணி விரலை அந்தப் பேரின்மேலேயே வைத்திருந்தாள். அறிவுச்செல்விக்கும் அப்போதுதான் உறைத்தது.

"எங்கண்ணன் பேருதான்... எருமப்பட்டியில கோழிப்பண்ணை வெச்சிருக்கற நிலவன்னு ஒரு தம்பி எழுதுனதுங்க. நம்மள அவருக்குத் தெரியாது. வேண்டாமுன்னா வேற எடுத்துக்கலாம் நங்கை."

"தார்பாயின்னா அது என்ற வேலை. அத வேற எவ எழுதுவா?" என்றாள் வசந்தாமணி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வசந்தாமணி புருஷன் பேரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவள் அம்மாவும் மாமியாரும் அவரவர் புருஷன் பேரைச் சொன்னதில்லை, இவளும் சொல்லவில்லை. யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லைதான். ஆனாலும் வாயில் வராது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் கேட்டால், "திருச்செங்கோட்டு மலைமேல இருக்கற சாமி பேருங்க" என்பாள். அவர்களும் புரிந்துகொண்டு சிரித்தபடி எழுதிக்கொள்வார்கள்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதையேதான் சொன்னாள். அந்த மலையில் அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார், செங்கோட்டு வேலவரும் இருக்கிறார். சீட்டு எழுதிய பெண் வேலவரின் பக்தையோ என்னவோ, 'செங்கோட்டுவேலு' என்று எழுதி, அவர் மணிக்கட்டிலும் அதையே மாட்டிவிட்டாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நர்சம்மா வேலு, வேலுன்னு கூப்புடுது. எந்த வேலுன்னு நானும் அக்கட்ட இக்கட்ட பாக்கறேன். உன்னால என்ற பேரே போச்சு புள்ள."

"மாத்தச் சொல்லி உங்க தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கறேன்."

"அவ சொல்றது இருக்கட்டும். நீ ஒருக்காச் சொல்லு. உன்ற வாயால எப்பிடியிருக்குதுன்னு நானுங் கேக்கறேன்."

"ஊட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள் அவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

அவர் வீட்டுக்கு வந்தார். கேட்கிற நிலையில் வரவில்லை.

அறிவுச்செல்வி ஊருக்குப் போன பிறகு வசந்தாமணி எழுத உட்கார்ந்தாள். எழுத்தெழுத்தாகத் தட்ட விரல் ஒத்துழைக்காது என்று, பேசினால் தானே எழுதிக்கொள்கிற வசதியைப் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள் நாத்தனார். வசந்தாமணி பேசப் பேசச் சொற்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

*இந்தத் தார்பாயை நான்தான் தைத்தேன். ஒட்டை மேலே வைத்தால் தண்ணீர் தேங்கும் என்று அடியில் வைத்துத் தைத்தேன். தைத்து முடித்ததும் எங்கள் வீட்டுக்காரர் லாரிமேல் ஏறி, அதன் கீழே மல்லாந்து படுத்து வெயிலைப் பார்ப்பார். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் விடமாட்டார். "இங்கே ஒரு நட்சத்திரத்தை விட்டுட்டே புள்ள" என்பார். நான் ஏறிப்போய் அதை அடைப்பேன்.*

பேர் வர வேண்டிய இடத்திலெல்லாம் 'எங்கள் வீட்டுக்காரர்' என்றே சொல்லிக்கொண்டு போனாள். ரேஷன் கடையில் நடந்த மாதிரி இங்கேயும் புரிந்துகொள்வார்கள் என்று நினைப்பு. பக்கத்தைச் சேமித்தபோது, வரிசையில் சிவப்பாக நின்ற 'தார்பாய்' நீலமாக மாறியது. அன்று சோறு இரண்டு கரண்டி கூடவே இறங்கியது.

மறுநாளே பக்கத்தின் உரையாடல் பகுதியில் நிலவன் எழுதியிருந்தான்.

*தார்பாய்க்காரி அவர்களுக்கு. பக்கம் அருமை. ஆனால் அர்த்தநாரிக்கு மனைவி கிடையாது. அவருக்கென்று யாரும் இல்லை என்று எழுதியாகிவிட்டது. நீங்கள் எழுதியதில் ஒரு மனைவி வந்துவிடுகிறார். நீலப் பெயரும் ஒன்றுகூட இல்லை, சிவப்புப் பெயரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்போம். திருத்தாவிட்டால் பக்கத்தை எடுக்க வேண்டியிருக்கும். மன்னிக்கவும்.*

வசந்தாமணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கத்தை எடுத்துவிட்டால் போவது கதை மட்டுமா? நட்சத்திரத்தை விட்டுட்டே என்று அவர் சொன்ன சொல், அவளைத் தவிர யார் காதிலும் விழாத சொல், இப்போதுதான் ஓரிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் போய்விடும்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"இதுக்கா இத்தனை வெசனம்?" என்றாள் அறிவுச்செல்வி. "நீங்க வாயத் தொறக்கவே வேண்டாம் நங்கை. அந்தப் பேர நானே ஒட்டி உட்டர்றேன். ஒரு நிமிசம் ஆகாது."

"வேண்டாஞ் சாமி. ஆஸ்பத்திரியிலயும் வேற ஆளுதான எழுதுனாங்க."

அந்தப் பக்கமிருந்து "செரிங்க" என்று மட்டும் வந்தது. நிலவனின் நம்பரை அனுப்பிவைத்தாள்.

வசந்தாமணி கூப்பிட்டபோது போனுக்குள் ஒரே கோழிச் சத்தம்.

"ஏனுங், நிலவனுங்களா? நான் தார்பாய்க்காரி பேசறேன்."

"அட, சொல்லுங்கம்மா! தீவனம் போட்டுட்டு இருக்கறேன், கத்துதுங்க. என்ற மேல கோவமாங்?"

"கோவமெல்லாம் இல்லீங். நீங்க வெச்ச பேரு எங்கூட்டுக்காரரு பேருங்க. அவரு இப்ப இல்ல. அந்தப் பேரு என்ற வாயில வராது. அதான் வீட்டுக்காரருன்னு சொல்லிட்டேன். உங்காளுக்குப் பொண்டாட்டி கட்டி வெக்கோணுமுன்னு நெனைக்கலீங்."

கோழிச் சத்தம் தள்ளிப் போனது; ஆள் வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு நிலவன், "எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றான். "நான் அந்தக் கடைசி வரிய அழிச்சுப் போடறேன். என்ற பக்கந்தானே. உங்குளுது அப்பிடியே இருக்கட்டும்."

"அழிக்காதீங்க. எழுதுனா நெசமுன்னு சொல்லிட்டு, எனக்காகப் பொய்யாக்கிப் போடுவீங்களா? எங்காளு வேற, உங்காளு வேற. எங்காளுக்கு நான் இருந்தனுங்க. உங்காளுதான் பாவம், கெணத்தோரமா ஒண்டியாக் கெடக்கறாரு."

"அப்ப என்னதானுங் பண்றது?"

வசந்தாமணி யோசித்தாள். "'யாரும் இல்லை'ன்னுதான எழுதியிருக்கறீங்க? இனிமேலும் யாரும் வரமாட்டாங்கன்னு எழுதலீல்ல?"

நிலவன் வாய்விட்டுச் சிரித்தான். "எழுதலீங்கம்மா. அத எழுதவே இல்ல."

"அது போதும். ஞாயித்துக்கெழமைக்குள்ள நானே திருத்திப் போடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொரு நாளும் போனை எடுப்பாள், வைப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ராசு என்கிற டிரைவர் கடை வாசலில் தன் தார்பாய்க்காகக் காத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். வசந்தாமணி கடைசி ஒட்டைத் தைத்து மிஷினை நிறுத்தினாள். பக்கத்தைத் திறந்து, முதல் 'எங்கள் வீட்டுக்காரர்' இருந்த இடத்தை அழித்தாள். நாத்தனார் சொல்லிக் கொடுத்தபடி, பேருக்கு நிறம் கொடுக்கிற சதுர அடைப்புக்குறியை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு போட்டாள். நடுவில் காலி இடம். அங்கே விரலை வைத்து, பேசும் பொத்தானைத் தொட்டாள்.

போன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவள் உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுப் போன் ஒரு சின்ன மணியடித்துத் தானே மூடிக்கொண்டது.

இரண்டாம் தடவை தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மணிக்கட்டில் வேறு யாரோ பேரை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி குறும்பாகப் பார்க்கிற முகம் தெரிந்தது.

"அர்த்தநாரி" என்றாள்.

இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"எந்த அர்த்தநாரியக்கா?" என்று ராசு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "நம்ம லாரி அர்த்தநாரியண்ணனா? நல்ல மனுசன். எனக்குக் கியர் போடச் சொல்லிக் குடுத்தவரே அவருதான்."

"அவரேதான்" என்றாள் வசந்தாமணி. "எங்கூட்டுக்காரரு."

குனிந்து பார்த்தால், அடைப்புக்குறிக்குள் பேர் மட்டுமல்ல, ராசு கியர் போடக் கற்றுக்கொண்டது வரை அத்தனையையும் போன் எழுதிவைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணிலும் நீர் கட்டியது. ராசு பேசினதையெல்லாம் அழித்துவிட்டு, பேரை மட்டும் நிறுத்தினாள். மிச்ச இடங்களிலும் 'எங்கள் வீட்டுக்காரர்' என்பதை எடுத்துவிட்டு 'அவர்' என்று மாற்றினாள். அவர் கூப்பிட்ட 'புள்ள'யை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. தைத்துக் கொடுக்கிற பெண்ணை ஒரு டிரைவர் புள்ள என்று கூப்பிடக் கூடாதா என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிவப்புப் பேர் ஒன்று பாக்கி. பக்கத்தின் கடைசியில் சொன்னாள்: "இந்தத் தார்பாயின் கிழிசலை அடைக்க ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள்." 'ஒருத்தி' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, சேமித்தாள்.

மேலே அர்த்தநாரி என்ற பேர் நீலமாக நின்றது. கீழே ஒருத்தி சிவப்பாக நின்றாள்.

ராசு டீ டம்ளரோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "யாருக்கா வரப்போறது?"

"தெரியாது. அத நான் எழுதக் கூடாது. வேற யாராச்சும்தான் எழுதோணும்."

"எழுதலீன்னா?"

"எழுதுவாங்க. எருமப்பட்டியில ஒரு தம்பி இருக்குது." போனை மிஷின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். "தார்பாய எடுத்து வண்டிமேல விரி சாமி. ஓட்டை இருக்குதான்னு பாக்கோணும்."

எப்போதும் அவளிடம் தைக்கக் கொடுக்கிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அன்று அவளே சேலையைச் செருகிக்கொண்டு லாரிமேல் ஏறினாள். தார்பாயின் கீழே போய் மல்லாந்து படுத்தாள். தார் மணமும் புழுக்கமுமாக இருட்டிக் கிடந்தது. மேற்கே சாய்ந்த வெயில் மேலே காய்ந்துகொண்டிருந்தது. கண் பழகியதும், ஒட்டின் ஓரத்தில் ஊசிமுனையளவு வெளிச்சம் ஒன்று தெரிந்தது.

"இருக்குதாக்கா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான் ராசு.

"ஒண்ணு இருக்குது. கொஞ்சம் பொறு" என்றாள் வசந்தாமணி.

அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னாள். ராசுவுக்குக் கேட்கவில்லை.