கக்கூஸ் சாவி

காலை ஏழு நாற்பதுக்கு, முந்திரி ஆலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் அண்டியாபீஸ் வண்டி வந்தது. கிரேசியின் வீட்டு முன்னால் நிற்காமல் போனது. இன்றோடு முப்பத்து நான்கு நாள்.

"கோயில்ல எட்டாம் நாள் திருவிழாவுக்கு எங்க பேண்டுதான் அம்மா." ரெஜிஷா கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எட்டாம் திருவிழா யாருக்க செலவு?"

மகள் நிமிரவில்லை. "குமாரதாஸ் மொதலாளிக்க."

"ஏட்டி, என்னைய வெளிய தள்ளுனவனுக்க பைசாயிலயா நீ தொண்ட கிழியப் போற?"

"அந்தச் சாவிப் பாட்டத்தான் பாடப்போறோம். அவரே கேட்டு விட்டிருக்காரு."

"அவனுக்கு நாணமில்லியா?"

"பாட்டுதானேன்னு சொன்னாராம்."

முந்திரி உடைக்கும் கூடத்தில் அறுபது பெண்கள், ஒரே கக்கூஸ். சாவி சூப்பர்வைசரின் இடுப்பில். காலையில் ஒருதரம், மதியம் ஒருதரம் திறப்பான். ஆறு மாதக் கர்ப்பிணி பிளஸ்ஸி ஒருநாள் கேட்டுக் கேட்டு, உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துபோனாள். மூட்டை தூக்க வந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் கிரேசியோடு சேர்த்துப் பதினொரு பேர் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள், சாவி எங்க என்று. பதினொரு பேருக்கும் சோலி போனது.

அந்தக் கேள்வியை ரெஜிஷா பங்க் பாட்டாக்கினாள். மெட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிட்டார், டிரம், அலறல். எங்கெங்கோ உள்ள பிள்ளைகள் போனில் போட்டுக் குதித்தார்கள். வண்டி மட்டும் நிற்கவில்லை.

எட்டாம் திருவிழா அன்று சாயங்காலம் கோயில் முற்றம் முழுக்க "சாவி எங்க? சாவி எங்க?" என்று கத்தியது. முன்வரிசையில் குமாரதாஸ் முழங்காலில் தாளம் போட்டார். பக்கத்தில் சூப்பர்வைசரும் குதித்தான். இடுப்பில் சாவி கிலுங்கியது.

பாட்டு முடிந்ததும் குமாரதாஸ் மேடையேறி கிரேசியை அழைத்தார். "இந்தப் பாட்டுக்குக் காரணமே இவியதான். நம்ம கம்பெனிக் குடும்பம்!" பொன்னாடை போர்த்தினார். கைதட்டல்.

கிரேசி அதைக் கழற்றி மடித்தாள். முந்திரித்தோட்டின் எண்ணெய் தின்ற விரல்கள் பட்டுச் சரிகையில் கறுப்பாகத் தெரிந்தன. அவர் கையிலேயே கொடுத்தாள். மகளிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"சாவி எங்க?"

முற்றம் மறுபடி குதித்தது. டிரம் அதிர்ந்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். குமாரதாஸும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்.

கிரேசி கையை உயர்த்தினாள். சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

"பாட்டு இல்ல மொதலாளி, கேக்கேன். சாவி எங்க?"