எஞ்சினோடு இறங்காத சத்தம்

நர்ஸம்மாவின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும், அதன் சத்தம் மட்டும் கூட இறங்காமல் வெறும் ஃபிரேமிலேயே நின்றுவிட்டது. அன்று வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணி. பட்டறையில் ஒன்பது பேர் இருந்தார்கள், எட்டுப் பேருக்கு அது கேட்டது. டக், டக், டக், பிறகு ஒரு மூச்சு விடும் நேரம், மறுபடி டக், டக், டக். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே ஒருவர் கதவைத் தட்டுவதுபோல இருந்தது. பெட்ரோல் டேங்க்கூடத் தனியாகச் சுவரோரம் கிடந்தது. கேட்காத ஒன்பதாவது ஆள் பட்டறையின் சொந்தக்காரர். அவரைத்தான் அந்த வட்டாரம் முழுக்கக் காதுக்காரர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. அவரிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அதன் முனையை ஓடும் எஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் பதித்து, கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்கும்போது எந்த பேரிங், எந்த வால்வு என்று சொல்லிவிடுவார், பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, தெருவில் போன வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டி, அது அடுத்த திருப்பத்தில் நின்றுபோகாமல் காப்பாற்றினார். நாற்பத்தெட்டாவது வயதில் காது அவரை விட்டுக் கிளம்பியது. முதலில் வால்வின் சன்னமான ஒலி போனது, பிறகு சைக்கிள் மணி, பிறகு மனைவியின் குரல். இதைக் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்துவிட்டார். வேறு எதை வைத்து மறைத்தாலும் பரவாயில்லை, அவர் அதை வைத்தே மறைத்தார். அதிர்வைப் படிக்க விரல்கள் கற்றுக்கொண்டன. ஸ்க்ரூடிரைவர் வெறும் நாடகமாயிற்று. விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி. வீட்டில் எதிரே நின்று உரக்கப் பேசுவாள், பட்டறைக்கு யாராவது வந்தால் தோளைத் தொட்டுக் காட்டுவாள். ஐந்து வருடம் இப்படியே நன்றாக ஓடியது.

நர்ஸம்மா வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றுபவர். வண்டி அவரைவிட மூத்தது. சத்தம் தொடங்கிய பிறகு, அவர் தெருமுனை திரும்பும்போதே குழந்தைகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டன. ஒரு நாள் இதை இப்படியே விட்டால் பாதி வழியில் நிற்கும் என்று பயந்து பட்டறைக்குக் கொண்டுவந்தார். காதுக்காரர் விரல்களை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை, ஏனென்றால் அந்தச் சத்தம் இரும்பில் இல்லை. இது அப்போது அவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஆனால் காதுக்காரர் என்ற பெயர் வாயை அடைத்துக்கொண்டது. கண்ணை மூடித் திறந்து, டேப்பட் என்றார். மூன்று நாளில் வண்டி திரும்பி வந்தது. டைமிங் செயின் என்றார். அதுவும் திரும்பி வந்தது. அடுத்து பிஸ்டன் என்றார், பிளாக்கின் உள்துளையான போரைக் கடைந்து பெரிதாக்க லேத்துக்கு அனுப்பினார்.

லேத்துக்காரர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். இரண்டு பட்டறைக்கும் ஒரே சுவர். அதிகம் பேசாத மனிதர், முடி கனத்துக்கு வேலை செய்வார், கடைந்த பிளாக்கைக் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைப்பதுபோல் துடைத்துத் தருவார். ஒரு சனிக்கிழமை காலை மச்சானும் மாப்பிள்ளையுமாக எஞ்சினைப் பூட்டி, ஓடவிட்டார்கள். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கண்ணை மூடி, வெகு நேரம் தலையாட்டி ரசித்து, பிரமாதம் என்று சொன்னார். மாலை ஐந்து மணிக்கு நர்ஸம்மா வந்து கிக்கரை உதைத்தார். பட்டறையில் அப்போது ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்தே சத்தம் போகவில்லை என்று காதுக்காரருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, வாழ்நாள் முழுக்கத் திருப்பி வாங்க முடியாத ஒன்றைச் சொன்னார்.

"போர் கோணலா இருக்கு. லேத்துல கை தப்பிடுச்சு."

லேத்துக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்றார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கழிவுத் துணியை மடித்தார், போய்விட்டார். காதுக்காரர் சொன்னால் அதற்கு மறுபேச்சு ஏது? வேலை மெல்ல மெல்ல லேத்தை விட்டு விலகியது. ஏழாவது மாதம் எட்டுப் பேர் சேர்ந்து மெஷினை லாரியில் ஏற்றினார்கள். அவர் ஒரு ஐஸ் பேக்டரியின் கேட்டில் காவலுக்குப் போய் உட்கார்ந்தார். அந்த வாரமே மனைவி வீட்டில் குரலைத் தாழ்த்திவிட்டாள். ஊரே உங்க காதைப் புகழும்போது நான் எதுக்குக் கத்தணும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், அதன் பிறகு அவள் பேசிய எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நர்ஸம்மாவின் வண்டியோ பட்டறைக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டே இருந்தது. பிளாக்கைத் தொலைவில் இன்னொரு லேத்தில் புதிதாகக் கடைந்தார்கள், பேரிங் மாறியது, கிளட்ச் மாறியது. பதினான்கு மாதம் கழித்து, எஞ்சினையே மொத்தமாக இறக்கிப் பார்த்துவிடுகிறேன் என்று காதுக்காரர் அறிவித்தார். அந்த வியாழக்கிழமை அப்படித்தான் வந்தது.

எஞ்சினை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, இப்ப எவ்ளோ அமைதியா இருக்கு" என்றார்.

டக், டக், டக் என்று ஃபிரேம் தட்டிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும். நர்ஸம்மா பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவர் முதுகுப் பக்கம் போய், தலைக்கு மேல் தூக்கி, சிமென்ட் தரையில் போட்டார். எல்லோரும் துள்ளினார்கள், அவர் திரும்பவே இல்லை. நர்ஸம்மா முன்னால் வந்து, உதடு தெரிய நிதானமாக, எத்தனை வருஷமா என்று கேட்டார். காதுக்காரர் தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார், பிறகு பொதுவில் இருந்த சுவரைப் பார்த்தார். வெட்கம் காலிலிருந்து ஏறியது. ஆறு வருஷம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார்.

ஐஸ் பேக்டரி கேட்டில் லேத்துக்காரர் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மாப்பிள்ளைக்குத் தெரியும்படி எதிரே உட்கார்ந்தார். காதுக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். லேத்துக்காரர் ஒரு லாரியை உள்ளே விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து பேசினார்.

"எனக்குத் தெரியும் மாப்ள. அன்னிக்குக் காலைல பெட்ரோல் தீந்து வண்டி நின்னுபோச்சு. பக்கத்துல கம்ப்ரெசர் ஓடிட்டு இருந்துச்சு. தரை ஆடுறத வெச்சு வண்டி ஓடுதுன்னு நெனச்சுட்டு, நீங்க கண்ணை மூடித் தலையாட்டிட்டு இருந்தீங்க. ரிசர்வ்ல போட்டு வெச்சுட்டுப் பேசாம இருந்துட்டேன்."

காதுக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அன்று காலை தன் மானத்தை ரிசர்வில் போட்டுக் காப்பாற்றியவரின் மானத்தைத்தான் அன்று மாலையே அவர் வாங்கியிருக்கிறார். அழுதார். லேத்துக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ, அங்கேயே நின்னு சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பட்டறை நிறைந்திருந்தபோது, அவர் சொன்னார். பூசி மெழுகவில்லை. போர் நேராகத்தான் இருந்தது, எனக்குத்தான் காது கேட்காது, பழியை மச்சான்மேல் போட்டேன் என்று, தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாததால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். லேத்துக்காரர் எதிர்ச் சாரியில் நின்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார். மெஷின் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை, அவர் தேடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வருவதை மட்டும் மறுபடி தொடங்கினார். மனைவி அன்று ராத்திரியே பழைய குரலுக்குத் திரும்பினாள். சாப்பிட வாங்க என்று அவள் கூப்பிட்டால் நான்கு வீடு தள்ளி இருப்பவர்களும் கைகழுவ எழுந்தார்கள்.

சொல்லியாகிவிட்டதால் சத்தம் நின்றுவிடும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. எஞ்சினைப் பூட்டி வண்டியை வெளியே உருட்டியபோது வண்டி மட்டும் போயிற்று, சத்தம் பட்டறையின் நடுவில், முழங்கால் உயரத்தில், அதே இடத்தில் தங்கிவிட்டது. குழந்தைகள் கட்டிலுக்கடியில் ஒளிய நேரமில்லாமல் ஊசி போட்டுக்கொண்டார்கள். காதுக்காரர் பெயர்ப்பலகையில் இருந்த காதுப் படத்தைத் தானே சுரண்டி எடுத்தார். வந்த வண்டிக்காரர்களிடம், சத்தம் எப்படி வருது, நீங்களே சொல்லுங்க என்று கேட்டு எழுதிக்கொண்டார், விரலால் முடிந்ததைச் செய்தார், முடியாததை முடியாது என்றார். அந்த இடத்தைச் சுற்றித்தான் கூட்டிப் பெருக்குவார். காலையில் திறந்ததும் ஒருமுறை உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்ப்பார். அவருக்கு எதுவும் படாது, கடைசிவரை கேட்கவும் இல்லை. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொருவரும் பேச்சை நிறுத்தி அந்தப் பக்கம் திரும்புவார்கள். அவர்கள் கேட்குமுன்பே அவர் சொல்லிவிடுவார்.

"அது வண்டியோடது இல்லீங்க. என்னோடது."

வந்தவர் சரி என்று தலையாட்டிவிட்டு, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவார்.