பன்னிரண்டுக்கு ஒன்று

முத்துசாமி சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்து, பி.ஏ. பட்டத்தோடு விக்கிரவாண்டிக்குத் திரும்பியவர். அவர் படித்த புத்தகத்தில் மனிதன் என்றால் லாபத்தைத் தேடுகிறவன், நஷ்டத்தைக் கண்டால் ஒதுங்குகிறவன், அவ்வளவுதான். ரோஷம் என்ற ஒன்று அதில் அச்சாகவே இல்லை. அச்சடித்தவனை விடுங்கள், படித்தவருக்குப் புத்தி எங்கே போயிற்று?

1937ஆம் வருஷத்து ஐப்பசி. “இந்த ஒரு மகசூலைச் சேதாரமில்லாம வீடு சேர்த்துக் காட்டு. இல்லன்னா கொல்லையைக் குத்தகைக்கு உட்டுடுவேன்” என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிகளைப் பிடுங்கிப் புஞ்சைக் கொல்லை நடுவே மலையாகக் குவித்தாயிற்று. மழைக்கு முன்னால் காயை ஆய்ந்து எடுத்துவிட வேண்டும். நனைந்தால் முளைத்து அழுகிப்போகும்.

ஆய்கிறவர்களுக்குக் கூலி காய்தான். பன்னிரண்டு மரக்கால் அளந்தால் அதில் ஒரு மரக்கால் அவர்களுக்கு. முத்துசாமி அதை இருபத்துநாலுக்கு ஒன்று என்று குறைக்க முடிவு செய்தார்.

“வேணாம் தம்பி, பேஜாராயிடும்” என்றார் காரியக்காரர் தாண்டவராயன்.

“ஒண்ணுமே இல்லாததுக்கு அரை மேல்னு வாங்கிக்குவாங்க. வயிறு காயுது இல்ல?” என்றார் முத்துசாமி.

பாவி மனுஷன், அதை ஆய வந்தவர்களிடம் காலையிலாவது சொல்லித் தொலைத்தாரா? உச்சிவெயிலில் அளக்க உட்கார்ந்தபோதுதான் சொன்னார்.

“விடிஞ்சதிலேர்ந்து ஆய்ஞ்சிக்கினு இருக்கோம், ஆண்டே. இப்ப வந்து பாதிங்கிறீங்களே?” என்று பூமாலை கேட்டாள்.

“இஷ்டமிருந்தா எடுத்துக்கினு போ. இல்லன்னா அதுவும் கிடையாது.”

அவள் புருஷன் மண்ணாங்கட்டி மரக்காலின் வாயில் கையை வைத்தான். “பழைய அளவே அளங்க, ஆண்டே.”

முத்துசாமிக்குக் கண்மண் தெரியவில்லை. இரும்புப் பட்டை போட்ட மரக்காலைப் பிடுங்கி அந்தக் கையிலேயே இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த அடி மண்டையில் விழுந்தது. காய்மேல் ரத்தம் கொட்டியது. மூன்றாவது அடிக்கு ஓங்கியவரைத் தாண்டவராயன் கட்டிப் பிடித்தார்.

பூமாலை அழவில்லை. தன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் கிணற்றில் கவிழ்த்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் போனார்கள். ஆண்டையின் ஆட்கள் தடியால் முதுகில் சாத்தினார்கள். ஒருத்திக்குக் காது கிழிந்தது, இன்னொருத்தி முட்டிபோட்டு விழுந்தாள். எழுந்து, கூடையை எடுத்து, நடந்தாள்.

“அதுல உன் பங்கும் இருக்குதுடி! பைத்தியமா உனக்கு?” என்று கத்தினார் முத்துசாமி.

“தெரிஞ்சிதான் கொட்டறேன்” என்றாள் பூமாலை. ஆண்டே என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

ஆய்ந்த காயெல்லாம் போயிற்று. மண்ணாங்கட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் வரப்பில் உட்கார்ந்தாள். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“தம்பி, பழைய கூலியே தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆயாத செடி முக்கால்வாசி அப்படியே கெடக்குது. ஊரையே கூப்பிட்டு ஜல்தியா முடிச்சிடலாம். பன்னண்டுல பதினொண்ணு நமக்குத்தானே?”

முத்துசாமிக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் பூமாலையைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

“செடி அப்படியே அழுகிப் போவட்டும்” என்றார்.

தாண்டவராயன் குவியலைக் காட்டினார். “அதுல உங்க பங்கும் இருக்குதே, தம்பி.”

“தெரிஞ்சிதான் சொல்றேன்.”

மழை இறங்கியது. கையிலிருந்த மரக்காலில் ரத்தம் கரைந்து ஓடியது. தை மாதம் அப்பா கொல்லையைக் குத்தகைக்கு விட்டார்.