ஜுவேரியாவின் மாடி வழியாக

அடையாறில் குருபிரசாத்தின் ஃபிளாட்டில் காலையிலிருந்து சண்டை. மூன்று பேர், மூவருமே பொழுதுபோக்காக வானொலி அலையில் செய்தி அனுப்பும் ஹாம் ரேடியோ உரிமம் உள்ளவர்கள். குருவுக்கு வீடு அடையாறு, கஸ்தூரிரங்கனுக்கு மயிலாப்பூர், ஜுவேரியாவுக்கு சைதாப்பேட்டை. ஆளுக்கொரு மொட்டைமாடி, மாடிக்கொரு ரேடியோ டிஷ். அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் உயரமான கட்டடங்கள் மறைத்தன. ஜுவேரியாவின் மாடியிலிருந்து மட்டும் இரண்டும் தெரியும். வெள்ளத்தில் இணையம் அறுந்தால் செய்தி அவள் டிஷ் வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் சண்டை ரூட்டிங்குக்கு, அதாவது செய்தி எந்த வழியில் போவது என்பதற்கு. ஒவ்வொரு ரூட்டரும் தன் வழியாக எங்கெல்லாம் போகலாம் என்று பக்கத்து ரூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த வழி நல்லது என்று எப்படி முடிவு செய்வது? தான் ஆபீசில் பழகிய ஓஎஸ்பிஎஃப் முறை போதும் என்றான் குரு. ஜுவேரியா பேபல் என்ற முறையைக் கேட்டாள். மழையில் ரேடியோ இணைப்பு ஒரேயடியாகச் சாகாது, அரைகுறையாக இழுத்துக்கொண்டிருக்கும். எத்தனை பாக்கெட், அதாவது செய்தித் துண்டு, தொலைகிறது என்று பார்த்து பேபல் வழியை மாற்றும். கஸ்தூரிரங்கன் அவள் பக்கம் சாய, பேபலே முடிவானது. குருவின் முகம் சுருங்கியது.

"சரி. டனல் என் இஷ்டம். வயர்கார்டு. இங்கேருந்து மயிலாப்பூருக்கு நேத்தே போட்டாச்சு."

டனல் என்பது பாக்கெட்டை இன்னோர் உறைக்குள் வைத்து இணையத்தில் அனுப்புவது. வயர்கார்டு அந்த உறையைப் பூட்டிவிடும். இணையத்தில் அது நல்லதுதான். ஹாம் அலைவரிசையில் கூடாது. அங்கே போவது யார் கேட்டாலும் புரிய வேண்டும் என்பது விதி. பூட்டிய செய்தி போனால், எந்த டிஷ்ஷிலிருந்து போனதோ அவருடைய உரிமத்துக்கு ஆபத்து.

"நெட்டு புட்டுக்கிச்சுனா அந்தப் பூட்டுன உறை எங்க போவும்?" என்றாள் ஜுவேரியா. "என் டிஷ்ல வந்தா லைசென்ஸ் போறது எனுக்குத்தான்."

"டனல் செத்துடும். வேற எங்க போகும்? கத்துக்குட்டி மாதிரி பேசாத."

"புடுங்கிக் காட்டு."

குரு இணைய ஒயரைப் பிடுங்கினான். திரையில் டனல் பச்சையாகவே நின்றது. "பாத்தியா! அசையல!" என்று மேசையைத் தட்டினான்.

"செத்துடும்னியே, சாவலையே?"

ஜுவேரியா போனில், தன் டிஷ் வழியாக எவ்வளவு போகிறது என்ற கணக்கைத் திறந்தாள். கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. பாக்கெட்டுகளைத் திறந்து பார்த்தாள். எல்லாம் வாசிக்க முடியாத குப்பை.

நடந்தது இதுதான். இணையத்துக்குத் தன் வழியாகவும் போகலாம் என்று மயிலாப்பூர் ரூட்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அடையாறில் ஒயர் போனதும் பேபல் அந்த வழியைப் பிடித்தது. பேபலுக்குப் பூட்டிய உறையும் ஒரு பாக்கெட்தான். சைதாப்பேட்டை மாடி ஏறி அது காற்றில் போய்க்கொண்டிருந்தது. உறை ரேடியோ பக்கம் திரும்பாமல் குரு ஒரு தடை வைத்திருக்க வேண்டும். அது இருந்தால் டனல் செத்திருக்கும், செய்தி பூட்டில்லாமல் அதே மாடி வழியாகப் போயிருக்கும்.

"தடையைப் போடு. இப்பவே" என்றாள் ஜுவேரியா.

"யாரு உக்காந்து கேக்கறா? அடுத்த வாரம் பாக்கலாம்."

"காத்துல போவுறது என் பேர்ல. உனுக்கு இன்னா?"

"ஒரு வரிதானேடா, போட்டுடேன்" என்றார் கஸ்தூரிரங்கன்.

"என் ரூட்டர்ல இவ சொல்ற கமாண்டை நான் அடிக்கணுமா? பேபல் கேட்டா, குடுத்தேன். இன்னும் என்ன?"

ஜுவேரியா போனிலேயே தன் ரேடியோவை அணைத்தாள். குருவின் திரையில் பச்சை சிவப்பானது. மயிலாப்பூருக்கு வழி இல்லை என்றது திரை.

"நெட்வொர்க்கையே ஒடைச்சுட்டியே, அறிவிருக்கா?"

"தடை போட்டுட்டு போன் பண்ணு. ஆன் பண்றேன்."

"நீ இல்லாம நடக்காதுன்னு நெனப்பா? வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கிட்டேன், போ."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

குரு இணைய ஒயரை மறுபடி செருகினான். டனல் பச்சையானது. "பாருங்கோ மாமா, வந்துடுத்து."

"இன்டர்நெட்ல வந்துடுத்து" என்றார் கஸ்தூரிரங்கன். "அதுக்கு என் ஆத்து மாடில நீ மாட்டின டிஷ் எதுக்குடா? நாளைக்கே ஆள் விட்டுக் கழட்டிண்டு போ."